ஐந்தாவதா, ஆறாவதா? பத்துக் கட்டளைகள் வடபுலத்துக்கு வந்த கதை

உடையார்கட்டில் ஒரு வரலாற்றுப் பாடவேளை. ஒல்லாந்தர் காலத்துக் கல்வியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்நாளைய பாடசாலைகளில் கர்த்தரின் செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் மூன்றையும் பிள்ளைகள் மனனம் செய்தாக வேண்டும் என்று கரும்பலகையில் எழுதியபோது, பின்வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள்.

"சேர், எனக்கும் அது பாடம். ஐஞ்சாவது, கொலை செய்யாதே."

முன்வாங்கில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். "அது ஐஞ்சாவதில்லை, ஆறாவது."

அவள் கத்தோலிக்கப் பிள்ளை. அவனுடைய குடும்பம் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சபையொன்றில் சேர்ந்தது. இரண்டு பேரும் சரி என்றேன். வகுப்புச் சிரித்தது. "ரெண்டு பேரும் எப்பிடிச் சேர் சரியாகிறது?" என்று அவன் கேட்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. நாற்பது நிமிடத்துக்குள் அடங்காத பதிலை இங்கே எழுதுகிறேன்.

இதை இந்தச் சஞ்சிகைக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடைத்தாள் திருத்தும் நிலையமொன்றில் என்னோடு ஒரே மேசையில் இருந்த நீராவிப்பிட்டி ஆசிரியர் ஒருவர், தேநீர் இடைவேளையில் கேட்டார்: "சேர், கிறிஸ்தவங்களுக்கு ஷரீஅத் மாதிரி ஒண்டு இருக்கா, இல்லையா? இருக்கெண்டால் ஏன் விருத்தசேதனம் இல்லை? இல்லையெண்டால் பத்துக் கட்டளை என்னத்துக்கு?" என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். என் தகப்பன் வழி சைவம், தாய் வழி கத்தோலிக்கம். ஆகவே எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். எனக்குத் தெரிந்திருந்தது எண்ணிக்கை மட்டும்தான்.

வணக்கமும் உணவும் திருமணமும் வாரிசுரிமையும் கொடுக்கல் வாங்கலும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரபில் நின்று பார்ப்பவருக்கு நானாவின் கேள்வி இயல்பானது. மூஸா நபிக்குப் பலகைகளில் எழுதிக் கொடுக்கப்பட்டதைக் குர்ஆன் (7:145) சொல்கிறது. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 22 முதல் 39 வரையான வசனங்களிலும் அல்அன்ஆம் 151 முதல் 153 வரையிலும் வரும் கட்டளைகளைப் பத்துக் கட்டளைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பலர். இணைவைக்காமை, பெற்றோரைப் பேணல், கொலையும் விபசாரமும் விலக்கல் என்று பெரும்பகுதி ஒத்துப்போகும். முன்னர் விலக்கப்பட்டிருந்தவற்றுள் சிலவற்றை ஆகுமாக்கவும் ஈஸா நபி வந்தார் என்று ஆலு இம்ரான் (3:50) சொல்வதும் வாசகர் அறிந்ததே. அந்தச் 'சில' எவை? கிறிஸ்தவத்தின் முதலாவது பெரிய தகராறே அதுதான்.

கி.பி. 49 அல்லது 50 அளவில் எருசலேமில் கூடிய மூத்தோர், யூதரல்லாத புதியவர்களுக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றதன் இறைச்சி, ஒழுக்கக்கேடு ஆகியவற்றை மட்டும் விலக்கச் சொன்னார்கள். பவுல் இன்னும் ஒருபடி மேலே போனார். மனிதன் இறைவனுக்கு முன் நீதிமானாவது விசுவாசத்தால், சட்டத்தைச் செய்துமுடிப்பதால் அன்று என்றார். ஆனால் இயேசு தாம் சட்டத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்று சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்துக்கொண்டு கிறிஸ்தவம் இரண்டாயிரம் வருடம் நடந்திருக்கிறது. பழைய சட்டத்தை முழுவதுமே தூக்கி எறியச் சொன்ன மார்சியோனைத் திருச்சபை இரண்டாம் நூற்றாண்டிலேயே வெளியே விட்டது. 16ஆம் நூற்றாண்டில் லூதரின் நண்பர் அக்ரிக்கோலா, விசுவாசிக்குச் சட்டப் பிரசங்கமே வேண்டாம் என்றபோது, விசுவாசத்தை அவ்வளவு உயர்த்திப் பேசிய லூதரே அவரை எதிர்த்து வாதாடினார்.

இந்தச் சிக்கலுக்கு 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் செம்மையாக்கிய விடையைத்தான் பின்னர் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கைக்கொண்டார்கள். மோசேயின் சட்டம் மூன்று வகை. அறநெறிச் சட்டம் என்றைக்கும் உரியது. அதன் சுருக்கம் பத்துக் கட்டளைகள். பலி, தூபம், உணவு விலக்கு போன்ற சடங்குச் சட்டம் கிறிஸ்துவோடு முடிந்தது. வழக்கு, தண்டனை, நட்டஈடு பற்றிய நீதிமுறைச் சட்டம் பழைய இஸ்ரவேலரின் அரசுக்கு உரியது. அந்த அரசோடு அதுவும் போனது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மோசேயின் நூல்களில் இப்படிக் கோடு கீறிப் பிரிக்கப்படவில்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் அயலவனை உன்னைப்போல் நேசி என்பது 18ஆவது வசனத்தில் வருகிறது. அடுத்த வசனத்திலேயே இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்று வருகிறது. முன்னையது நிற்கும், பின்னையது போகும் என்று சொல்லுகிறவன் வெளியில் நின்றுதான் சொல்லவேண்டும். இந்தப் பிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வேண்டிவரும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். யாத்திராகமம் 20இலும் உபாகமம் 5இலும் கட்டளைகளுக்கு இலக்கம் இல்லை. பத்து என்று மட்டும் வேறிடத்தில் உண்டு. பிற தெய்வம் வேண்டாம், உருவம் செய்து வணங்காதே என்ற இரண்டையும் அகுஸ்தீன் ஒன்றாக எண்ணினார். பத்து வரவேண்டும் என்பதற்காகக் கடைசியில் பிறர் மனைவியை விரும்புவதையும் பிறர் உடைமையை விரும்புவதையும் இரண்டாகப் பிரித்தார். கத்தோலிக்கரும் லூதரன்களும் அந்த வழி. கல்வினின் வழி வந்தவர்கள் உருவ விலக்கைத் தனிக் கட்டளையாக, இரண்டாவதாக, எடுத்து நிறுத்தினார்கள். கடைசி இரண்டும் ஒன்றாகின. அதனால் கொலை ஒருவருக்கு ஐந்து, மற்றவருக்கு ஆறு. களவு ஒருவருக்கு ஏழு, மற்றவருக்கு எட்டு. யூதரோ, நானே உன் இறைவன் என்ற அறிவிப்பையே முதலாவதாக எண்ணுவர்.

சொல்லிலும் ஒரு சுவை உண்டு. பழைய தமிழ்ப் புத்தகங்களில் இவை 'பத்துக் கற்பனைகள்'. என் அம்மம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. கற்பித்தது கற்பனை. சின்ன வயதில் எனக்கு அது விளங்காமல், "கற்பனையெண்டால் பொய்தானே அம்மம்மா?" என்று கேட்டு வாயில் அடி வாங்கியிருக்கிறேன்.

தமிழருக்கு இந்தப் பத்தையும் முதலில் மனனம் பண்ணுவித்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் கட்டளைகளையும் தமிழாக்கி, தாமே அவற்றை மனனம் செய்தார். பிறகு கையில் மணியோடு ஊர்த்தெருவில் நடந்து பிள்ளைகளையும் ஆண்களையும் சேர்த்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார். கிறிஸ்தவர்களின் சட்டத்துக்குப் பத்தே கட்டளைகள்தாம், அவற்றைக் கைக்கொள்பவன் நல்ல கிறிஸ்தவன், மற்றவன் கெட்டவன் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். கிருபை, விசுவாசம் என்று ஐரோப்பாவே இரண்டுபட்டு நின்ற காலம் அது. மணற்கரையில் பரதவர் காதில் விழுந்தது சட்டம்தான். 1578 ஒக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்பார்கள். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் ஆக்கிய அந்தப் பதினாறு பக்கத்துக்குள்ளும் கட்டளைகளுக்கு இடம் இருந்தது.

மன்னாரில் சவேரியாரின் ஆட்களிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களை 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அறுநூறுக்கு மேல் என்பது கத்தோலிக்க மரபு. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கினார்கள். அந்தக் கதை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். முதல் குருவானவர்களில் ஒருவரான பிலிப்பஸ் பல்டேயஸ் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1672இல் ஆம்ஸ்ரர்டாமில் தன் நூலை வெளியிட்டார். போர்த்துக்கேயரின் கோயில்களையே ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டார்கள். சுரூபங்கள் வெளியேறின. கோயிலோடு சேர்ந்து இயங்கிய பாடசாலைகளில் சட்டம்பியார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பாடசாலைக்கு வராத பிள்ளையின் பெற்றோருக்குத் தண்டம். ஞானஸ்நானப் பதிவும் விவாகப் பதிவும் அவர் கையில். பதிவில்லாவிட்டால் முதுசத்துக்கும் உத்தியோகத்துக்கும் இடைஞ்சல். ஆகவே சைவர்களும் வரிசையில் நின்று கட்டளைகளை ஒப்புவித்தார்கள், வீட்டுக்குப் போய் விபூதி பூசினார்கள். தகப்பனும் தாயும் ஐந்தாவது என்று படித்த கட்டளையைப் பிள்ளை ஆறாவது என்று ஒப்புவித்தது. சட்டம்பியார் எந்த இலக்கத்தில் தடுமாறினாரோ தெரியாது. ஒரு வாத்தியாராக எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு.

ஒல்லாந்தரின் வேத வினாவிடை 1563இல் ஹைடல்பேர்க்கில் எழுதப்பட்டது. 129 கேள்விகள்; மூன்று பகுதிகள்: மனிதனின் அவலம், அவனுடைய மீட்பு, அதற்கு அவன் செலுத்தும் நன்றி. பத்துக் கட்டளைகளின் விரிவுரை மூன்றாம் பகுதியில், நன்றிக்குள் வருகிறது. லூதரின் 1529ஆம் ஆண்டுச் சிறிய வினாவிடையிலோ கட்டளைகள் முதல் பக்கத்திலேயே நிற்கின்றன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கிக் கொடுத்ததும் லூதரின் ஒழுங்கைத்தான். முதலில் வைத்தால் சட்டம் கண்ணாடி: உன் முகத்தில் கரி இருக்கிறது என்று காட்டும், கழுவாது. பின்னால் வைத்தால் அது மீட்கப்பட்டவன் நன்றியோடு நடக்கவேண்டிய வழி. நானாவின் கேள்விக்கு என்னால் சொல்லக்கூடிய கிட்டிய பதில் இதுதான். கிறிஸ்தவனுக்குச் சட்டம் உண்டு. அதைக் கைக்கொண்டு அவன் மீட்பைச் சம்பாதிப்பதில்லை. ஆனால் மீட்கப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டு அதை மீறவும் முடியாது. இந்த நுட்பத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு யார் விளக்கியிருப்பார்கள்? நன்றியின் அடையாளம் என்று நூலில் எழுதியிருந்த சட்டம், இங்கே தண்டத்தோடும் பதிவேட்டோடும் வந்து சேர்ந்தது.

அதே வினாவிடையின் 98ஆம் கேள்வி, எழுத்தறியாதோருக்குப் புத்தகமாகச் சுரூபங்களைக் கோயிலில் விட்டுவைக்கலாமா என்று கேட்டு, கூடாது என்கிறது. அந்தக் 'கூடாது' வன்னிக் காட்டுக்குள் ஒரு ஊரை உண்டாக்கியது. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தேவதாயின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் வைத்தன என்பது மடுக்கோயிலின் வரலாறு. 1687இல் பிச்சைக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவைக்காரர் யோசேவ் வாஸ் (தமிழ்நாட்டுக் கோவை அன்று, போர்த்துக்கேயரின் கோவா) அப்படி ஒளிந்திருந்தவர்களைத்தான் தேடித் திரிந்தார். அவரை 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக்கினார்; அன்றே மடுவுக்கும் வந்தார். அந்தச் சுரூபம் 2008 ஏப்ரலில் சண்டைக்கு அஞ்சித் தேவன்பிட்டிக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, ஓகஸ்ற்றில் திரும்பியது. இடம்பெயர்வு என்பது எங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று என்று அந்த நாட்களில் அம்மம்மா சொல்லி ஆறுவா.

பத்துக் கட்டளைகளை ஓதுவித்த ஒல்லாந்தர் அரசு, வழக்குத் தீர்க்க மோசேயிடம் போகவில்லை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியைக் கொண்டு ஊர் வழக்கங்களைத் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்களுக்குக் காட்டிச் சரிபார்த்தது. அதுவே தேசவழமை. லூதரும் 1525இல் இதைப்போல ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மோசேயின் சட்டம் யூதருக்கு, சாக்சனியருக்கு அவர்களுடைய வழமைத் தொகுப்பு எப்படியோ அப்படி. இயற்கை அறத்தோடு ஒத்துப்போகும் அளவில்தான் நமக்கு. எங்கள் மொழியில் சொன்னால், மோசேயின் நூல் யூதரின் தேசவழமை. நீதிமுறைச் சட்டம் போய்விட்டது என்ற கொள்கை நடைமுறையில் இப்படித்தான் முடிந்தது: அறம் வேதத்திலிருந்து, வழக்கு ஊரிலிருந்து. அந்தத் தேசவழமைக்குள் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. கோவியர், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், எருது எதையும் இச்சிக்காதே என்ற கட்டளையை ஓதிய வாய், அந்த வேலைக்காரன் எப்படிப் பிறனுடைய உடைமையானான் என்று கேட்கவில்லை. இலங்கையில் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தது 1844இல்.

ஆங்கிலேயர் வந்தபின் 1806ஆம் ஆண்டைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். அந்த ஒரே வருடத்தில் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். முஸ்லிம்களின் விவாகம், வாரிசுரிமை பற்றிய சட்டத் தொகுப்பு பிரகடனமானது. தேசவழமைக்கும் சட்டவலு கொடுக்கப்பட்டது. வற்புறுத்தல் விட்டதும் ஒல்லாந்தர் பதிவேட்டில் இருந்த ஆயிரக்கணக்கான 'கிறிஸ்தவர்கள்' வெயிலில் பனிபோலக் காணாமற் போனார்கள். ஒன்றரை நூற்றாண்டு மனனம்.

1814இல் வெஸ்லியன் மிசனும் 1816இல் அமெரிக்க மிசனும் புதிதாகத் தொடங்கியபோது கட்டாயம் இல்லை; பள்ளிக்கூடமும் அச்சகமும் விவாதமும் இருந்தன. அந்த விவாதத்திலிருந்துதான் ஆறுமுக நாவலர் வந்தார். வெஸ்லியன் பாடசாலையில் பீற்றர் பேர்சிவலிடம் படித்து, 1850இல் வெளியான வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர். மோசேயின் ஐந்து நூலையும் அவரளவுக்கு ஊன்றிப் படித்த சைவர் அக்காலத்தில் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே. 1854இல் எழுதிய 'சைவதூஷண பரிகாரம்' என்ற நூலில் அவர் தொட்டது மேலே சொன்ன பிரிப்பைத்தான். நீங்கள் எங்கள் கோயிலையும் தூபதீபத்தையும் அபிஷேகத்தையும் தீட்டையும் பழிக்கிறீர்கள். உங்கள் யெகோவாவே கூடாரம், பீடம், விளக்கு, தூபம், அபிஷேகத் தைலம், தீட்டு என்று அதிகாரம் அதிகாரமாக விதித்திருக்கிறாரே என்று இடம் சுட்டிக் காட்டினார். அவை சடங்குச் சட்டம், முடிந்துபோனவை என்பது மிசனரிமாரின் பதில். இறைவன் விதித்த ஒன்றை அஞ்ஞானம் என்று இகழலாமா என்பது நாவலர் பக்கத்துக் கேள்வி. அந்த இடத்தில் நாவலர் பக்கமே பலமானது என்பது என் எண்ணம். ஆனால் சாதி விடயத்தில் அவர் நின்ற இடத்தை நினைக்கும்போது, அதே லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தில் அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்றும் தோன்றும்.

நாவலரின் கேள்வி சடங்குச் சட்டத்தைப் பற்றியது. மற்றப் பகுதியை, நீதிமுறைச் சட்டத்தை, எங்கள் ஊரில் யாரும் பெரிதாகக் கேட்டதாக நான் அறியேன். எனக்கு அதுதான் முள்.

யாத்திராகமம் 20இல் 'களவு செய்யாதே' என்பது இரண்டு சொல். இரண்டு அதிகாரம் தள்ளி 22இல் அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒருவன் மாட்டைத் திருடி விற்றாலோ கொன்றாலோ ஒன்றுக்கு ஐந்து, ஆட்டுக்கு நாலு, திருடியது உயிரோடு கையில் அகப்பட்டால் இரண்டு மடங்கு. முன்னது அறநெறி, நிற்கும். பின்னது நீதிமுறை, போய்விட்டது. களவு கொடுத்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அவனுக்கு வேண்டியது இரண்டாவது.

இருந்தாலும் திருச்சபை அதை முழுக்க மறந்துவிடவில்லை. வரிகாரன் சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று இயேசுவுக்கு முன் சொன்னது லூக்காவில் உண்டு. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காதவரை பாவம் மன்னிக்கப்படாது என்று அகுஸ்தீன் எழுதினார். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் அந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு வெஸ்ற்மினிஸ்ரர் பெரிய வினாவிடையும் எட்டாவது கட்டளையின் கடமைகளுக்குள் திருப்பிக் கொடுத்தலைச் சேர்த்தது. அதாவது முன்வாசலால் அனுப்பிய சட்டம் பின்வாசலால் உள்ளே வந்திருக்கிறது. இறைவனுக்குரிய கடமையில் தவறியதை அவன் மன்னிப்பான், அடியானுக்குரிய உரிமையை அந்த அடியானிடமே தீர்க்கவேண்டும் என்று உங்கள் உலமாக்கள் சொல்லும் 'ஹக்குல் இபாத்' இதற்கு வெகு அருகில் நிற்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது ஒன்பது வயது, முள்ளியவளையில் அம்மம்மா வீட்டில் இருந்தோம். தண்ணீரூற்றுச் சனம் போன பிறகு அந்த ஒழுங்கைகள் எப்படி இருந்தன என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உரிய பகுதியை மட்டும் சொல்கிறேன்.

சில மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு தையல் மெசின் வந்தது. கால்மிதி உள்ளது, நல்ல நிலை, மலிவு விலை. எங்கே விற்றார்கள், யார் வாங்கி வந்தார்கள் என்பதெல்லாம் பெரியவர்கள் விடயம். லாச்சியை இழுத்துப் பார்த்தேன். உட்பலகையில் பென்சிலால் 786 என்று எழுதியிருந்தது. "அம்மம்மா, இது என்ன நம்பர்?" என்று கேட்டேன். அவ லாச்சியை மூடினா. அதற்குப் பிறகு அதற்குள் நூல்கட்டைகளைப் போட்டு நிரப்பி வைத்திருந்தா. என்னுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுகள் எல்லாம் அந்த மெசினில் தைத்தவை. நாள்தோறும் செபமாலை சொல்லி, பத்துக் கற்பனையும் பிசகாமல் ஒப்புவிக்கும் மனுசி அவ.

வருடங்கள் கழித்து ஒரு தபசு காலத்தில் பங்குச் சுவாமியாரிடம் அதைச் சொன்னதாக அம்மாவிடம் சொன்னாவாம். உரியவரைக் கண்டால் திருப்பிக் கொடுக்கவேண்டும், காணமுடியாவிட்டால் அந்தப் பெறுமதியை ஏழைகளுக்குக் கொடு என்று அவர் சொன்னாராம். அது அவர் சொந்தமாக இட்டுக்கட்டிய விதி இல்லை, அக்குவினாஸ் எழுதிவைத்தது. அம்மம்மா இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றுக்கு இரண்டு மூடை நெல்லுக் கொடுத்தா. உரியவர் தெரியாது என்று கணக்கு. உண்மையில் மெசின்காரி யார் என்றுதான் எங்களுக்குத் தெரியாது. அவர்கள் எல்லோரும் புத்தளத்தில் இருக்கிறார்கள் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு நாங்கள் உடையார்கட்டுக்கு வந்தோம். மெசினும் வந்தது. 2009 ஜனவரி 21இல் அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. பரந்தன் முல்லைத்தீவு வீதியால் வந்த சனமெல்லாம் இங்கே நெருங்கியது. வலயத்துக்குள்ளும் ஷெல் விழுந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ, அந்தக் கட்டளை தெரியாதவர்கள் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. பெப்ரவரியில் நாங்கள் வெளிக்கிட்டபோது மெசினைப் பதுங்கு குழிக்குப் பக்கத்தில் தறப்பாளால் மூடிவிட்டுப் போனோம். அம்மம்மா அந்த வருடமே முகாமில் மோசம் போனா. திரும்பி வந்தபோது மெசினின் இரும்புக் கால்கூட இல்லை. எங்கள் வீட்டு உடைமை போனதே என்று அம்மா அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை.

பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது சட்டத்துக்கு ஒரு உவமை சொல்கிறார். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'உபாத்தி' என்று போட்டிருக்கிறார்கள். கலாசாலையில் படிக்கும்போது அதைக் கண்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. பின்னர்தான் தெரிந்தது, கிரேக்கச் சொல் குறிப்பது பாடம் சொல்லும் வாத்தியாரை அன்று. பெரிய வீட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விடும் அடிமையை. குழப்படி செய்தால் இரண்டு தட்டுத் தட்டுவான். வாசலோடு அவன் வேலை முடிந்தது. பவுல் சொன்னது அவ்வளவுதான். ஆனால் வாசலில் விட்டுவிட்டுப் போனவன் சில நேரம் பின்னேரம் கூட்டிப்போகவும் வந்து நிற்பான் என்று இப்போது நினைக்கிறேன்.

நானாவிடம் இவ்வளவையும் ஒருநாளில் சொல்லவில்லை. விடைத்தாள் திருத்திய பத்து நாளில் துண்டு துண்டாகச் சொன்னேன். மெசின் கதையைக் கடைசி நாள் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் சிவப்புப் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, "மெசின்ர நம்பர் ஏதும் தெரியுமா சேர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "786 எல்லா வீட்டிலயும் எழுதுறதுதான். அதை வைச்சுப் பிடிக்கேலாது." விலையை எந்த வருடத்துக் கணக்கில் போடுவது என்று நான் கேட்டேன். 1990இன் விலையா, இன்றைய விலையா, யாத்திராகமத்தின் இரண்டு மடங்கா? "அதை நீங்க அவங்களிட்டத்தான் கேக்கோணும்" என்றார்.

தண்ணீரூற்றில் அந்தக் காலம் வீட்டில் தையல் வைத்திருந்த மூன்று பெண்களின் பெயரை விடைத்தாள் கட்டின் மேலட்டையில் எழுதித் தந்தார். ஒருவர் மௌத்தாகிவிட்டார், மகள் இருக்கிறா. மற்ற இருவரும் புத்தளத்தில்தான். தவணை விடுமுறைக்குப் போவதாக இருக்கிறேன்.

வகுப்புக்கு மறுநாள் போனபோது அந்தப் பொடியன் விடவில்லை. "சேர், ஐஞ்சா, ஆறா?" கரும்பலகையில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எங்கே பிரிகிறது என்று கோடு கீறிக் காட்டினேன். கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பின்வாங்குப் பிள்ளை, பரீட்சைக்கு வருமா என்று கேட்டாள். வராது என்றேன்.